ஒன்பதாவது இடம்

மாத்திரை டப்பாவின் அட்டையைக் கிழித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் அவள் வரைந்த ஆடு ஆடு மாதிரியே இல்லை. முக்காலிக்குத் தாடி முளைத்த மாதிரி இருந்தது. இருபத்தாறு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று, "முதல்ல காட்டினது தெளிவா, இப்ப காட்டுறது தெளிவா?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டே காலம் தள்ளியவள் அவள். ஓவியத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் நாளைக் காலைக்குள் பத்து அட்டைகள் வேண்டும், பத்திலும் என்ன இருக்கிறது என்று அவள் புருஷனுக்குப் புரியவும் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே தாடிக்கு மேலே இரண்டு கொம்பும் போட்டுவைத்தாள்.

கட்டிலில் கிடந்தவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடமானாலும் லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று, கயிற்றைத் தட்டிப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுகிற மனிதர். மூளையில் ரத்தக் குழாய் அடைத்து அவர் விழுந்து பதினோரு நாளாகிவிட்டது. வலது கையும் காலும் வேலை செய்யவில்லை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. எழுத்தைக் காட்டினால் எறும்பு ஊர்வதைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் சொல்வது அவருக்குள்ளே போகிறதா, வாசலோடு திரும்பிவிடுகிறதா என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அது தெரிந்தாக வேண்டிய நாள் நாளை. பெரிய டாக்டர் வருகிறார். மேல்மாடியில் பயிற்சி வார்டு என்று ஒன்று இருக்கிறது. ஆறே ஆறு கட்டில், அதில் ஒன்று இப்போது காலி. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் மூன்று மாதத்துக்குத் தினமும் கைக்கும் காலுக்கும் நாக்குக்கும் பயிற்சி கொடுப்பார்கள். நடந்து வெளியே போனவர்கள் உண்டு, பாடிக்கொண்டு போனவர் ஒருவர் உண்டு என்று நர்ஸ் சொன்னாள். ஆனால் சொன்னதைப் புரிந்துகொண்டு செய்கிறவர்களுக்குத்தான் அங்கே இடம்.

"புரியுதுன்னு ஒரு அடையாளம் காட்டட்டும், போதும்மா," என்று வார்டு டாக்டர் சொல்லியிருந்தார். "இல்லேன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லபடியாப் பாத்துக்குங்க."

நல்லபடியாக என்றால் எப்படி என்று அவளுக்குத் தெரியும். புரட்டிப் போட்டு, வாயில் ஊற்றி, துடைத்துவிட்டு, நாளை எண்ணிக்கொண்டிருப்பது.

இந்தப் பத்து அட்டை எதற்கு என்று சொல்ல வேண்டும். கல்யாணமான வருடத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போவார்கள். வருடத்தின் கடைசி ஞாயிறு அன்று சாப்பாட்டு மேஜையில் நோட்டைப் பிரித்துவைத்து, அந்த வருடத்தின் சிறந்த பத்துப் படங்களை வரிசைப்படுத்துவார்கள். யாரும் கேட்டதில்லை, யாரும் படிக்கப்போவதுமில்லை. ஆனால் விதிகளைப் பார்த்தால் ஒரு நாட்டுக்கே சட்டம் எழுதுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். இருவரும் ஒன்றாக, கடைசி வரை உட்கார்ந்து பார்த்த படம்தான் செல்லும். சண்டை முடிகிற வரை பென்சில், முடிந்த பிறகு பேனா. பேனாவில் ஏறியதை மாற்ற ஆண்டவனே வந்தாலும் முடியாது. படத்தின் பெயரை மட்டும் எழுதமாட்டார்கள். ஆடு வந்தால் அது ஆட்டுப் படம், மீன் தொட்டி வந்தால் மீன் தொட்டிப் படம். பெயர் மறந்துபோகும், ஆடு மறக்குமா?

தொழில்புத்தி இருவரையும் விட்டதில்லை. திரையில் கதாநாயகி நெஞ்சு வெடிக்க அழுதுகொண்டிருப்பாள். இவள் காதோடு காதாக, "அவ கண்ணாடியில பவரே இல்லீங்க, வெறும் கண்ணாடி," என்பாள். லிஃப்ட் வரும் படம் என்றால் அவருக்குக் கதையே தேவையில்லை. கதவு திறக்கிற விதத்தைப் பார்த்து மார்க் போட்டுவிடுவார். அதில் சண்டை வரும். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு வாயை மூடிவிடுவார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு வருடம் ஏழாவது இடத்துக்காக இரண்டு நாள் பேசவில்லை. மகள் கூட இருந்தவரை மகள் வழியாகப் பேசிக்கொண்டார்கள். அவள் பாலம் கட்டும் கம்பெனியில் வேலை கிடைத்து வேறு ஊர் போனபின் ஃப்ரிட்ஜ் வழியாகப் பேசினார்கள். "ஃப்ரிட்ஜே, உங்க ஐயாவைச் சாப்பிட வரச் சொல்லு," என்பாள் இவள். "பசியில்லைன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு," என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை போட்டுச் சாப்பிடுவார் அவர்.

இந்த வருடம் எட்டுப் படங்கள் சண்டையில்லாமல் வரிசைக்கு வந்துவிட்டன. அதுவே அதிசயம். தகராறு முதலிடத்துக்கு மட்டும்தான்.

"குடைதான் ஒன்னு," என்றார் அவர்.

குடைப் படத்தில் ஒரு கிழவர் ஏதோ ஓர் அலுவலக வரிசையில் குடையோடு நிற்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவ்வளவுதான் படம்.

"வாயே திறக்காத படத்துக்கு முதல் இடமா? நல்லா இருக்கே! ஸ்டியரிங்தான் ஒன்னு," என்றாள் அவள். அது ஒரு பஸ் ஓட்டும் பெண்ணின் கதை.

"ஸ்டியரிங் நாலு. கடைசி சீன்ல லிஃப்ட் கதவை வெறுங்கையால திறக்குறா. சாவி இல்லாம வெளியிலேர்ந்து அது திறக்காது. நாலு பயில்வான் வந்தாலும் திறக்காது. எனக்குத் தெரியாதா?"

"குழந்தை உள்ள மாட்டிக்கிட்டிருக்குங்க. பெத்தவளுக்குக் கதவாவது, சுவராவது!"

"பெத்தவள்னா பூட்டு பயந்துடுமா?"

"இதுக்குத்தான் உங்களை சினிமாவுக்கே கூட்டிட்டுப் போகக்கூடாது."

அவர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது மணி பத்து. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அவளுக்கு அது புதிதா என்ன? துணி மடித்தாள். அடுப்பை மூட்டிச் சமைத்தாள். நடுநடுவே ஃப்ரிட்ஜிடம் பேசினாள். "ஃப்ரிட்ஜே, உங்க ஐயா வாய்க்குப் பூட்டு போட்டிருக்காராம். சாவி இல்லாம திறக்காதாம்." பதினொன்றரைக்கு, "குடை இப்ப ரெண்டாவது, கேட்டுக்கோ," என்றாள். பன்னிரண்டுக்கு, "அஞ்சாவது. இன்னும் பேசலேன்னா இன்னும் இறங்கும்." பன்னிரண்டே முக்காலுக்கு அவளுக்கே கோபம் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு நாள், அதிலும் இந்த மூஞ்சியா? "குடை ஒன்பதாவது. போதுமா? வாயைத் திறக்காதவங்களுக்கு இந்த வீட்டுல ஓட்டு இல்ல," என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து ஒன்று முதல் பத்து வரை எழுதிக் கீழே தேதியும் போட்டாள். ஒன்றரைக்குத் தட்டில் சாப்பாட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு, சமாதானமாகப் போகலாம் என்று அவர் முன்னால் போய் நின்றாள். டீ முழுவதும் அவர் மடியில் கொட்டி ஆறியிருந்தது. வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது.

"கடைசியா எப்ப நல்லாப் பேசினாரு? நீங்க அப்ப எங்க இருந்தீங்க?" என்று அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார். அவள் நாக்கு தானாகப் புரண்டது.

"காலையிலேயே கடைக்குப் போயிட்டேன் சார். ஒன்றரைக்கு வந்துதான் பார்த்தேன்."

"பக்கத்துல ஒரு ஆள் இருந்திருந்தா உடனே கூட்டிட்டு வந்திருக்கலாம். ஊசி போட்டுச் சரிபண்ணியிருக்கலாம். அந்த ஊசிக்கான நேரம் தாண்டிடுச்சும்மா," என்றார் டாக்டர். அவளைத் தேற்றுவதற்காக, "என்ன செய்யறது, யாரும் இல்லாதப்ப நடந்துடுச்சு," என்றும் சொன்னார்.

மறுநாள் மகள் வந்து இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமையுமா கடை என்று கேட்டாள். ஆள் வரவில்லை என்று கூப்பிட்டார்கள், முதலாளி கெஞ்சினார், மழை வேறு என்று ஒரு பொய்க்கு நாலு பொய் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. மகள் நம்பினாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தால் அம்மா துக்கத்தில் இருக்கிறாள் என்று மகள் நினைத்தாள். துக்கம் மட்டும் என்றால் அவள் சாப்பிட்டிருப்பாள்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. "அந்த நேரத்துல அவருக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்காதும்மா. தூக்கம் மாதிரிதான்," என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பதினோரு நாளும் எழுந்து நடமாடினாள்.

இன்று காலையில் அவள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒரு பட்டியலை வாசித்தாள். மனிதனுக்கு எல்லாம் போனாலும் கோபம் போகாது என்பது அவள் கட்சி. "முதல் இடம் கொட்டாவிப் படம்," என்றாள். மூன்று மணி நேரம் கொட்டாவி விட்டபடி இருவரும் உட்கார்ந்திருந்த படம் அது. அவர் அசையவில்லை. "குடைக்கு இந்த வருஷம் இடமே இல்ல. பட்டியல்லேர்ந்தே தூக்கிட்டேன்." ஜன்னலையே பார்த்தார். "அந்த லிஃப்ட் சீன் எவ்வளவு நிஜமா இருந்துச்சு தெரியுமா? எல்லாக் கதவும் அப்படித்தான் திறக்கும்." ஒன்றுமில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "திட்டுங்களேன்! ஒரே ஒரு தடவை முறைங்களேன்! இத்தனை வருஷம் சண்டை போட்டீங்களே, இப்ப மட்டும் என்ன கேடு?"

பக்கத்துக் கட்டில்களில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் ஓடி வந்து கையை விலக்கினாள்.

"அம்மா, போதும்மா. அவருக்குப் புரியல. நாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். நான் வேலைய விட்டுட்டு வந்துடறேன்."

"புரியும்டி."

"எப்படிம்மா சொல்றே?"

எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. எழுத்து தெரியாமல் போனால் என்ன, படம் தெரியுமே என்று அப்போதுதான் தோன்றியது. மாத்திரை டப்பாவைக் கிழிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை, பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். கூடவே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணும் வந்தாள். சின்ன வயது, நல்ல மாதிரி. அவள் கையில் அச்சடித்த வண்ண அட்டைகள் இருந்தன. மூன்றை எடுத்துக் கட்டில் மேஜையில் வைத்தாள்.

"ஐயா, இதுல சீப்பு எது? தொட்டுக் காட்டுங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"சாவி எது ஐயா?"

கண்ணை மூட, திறக்க, கையைத் தூக்கச் சொன்னார்கள். எதற்கும் அவர் மசியவில்லை. பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்தார். அவர் பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தம் அவளுக்குக் கேட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் ஃபைலின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"சார், அஞ்சே நிமிஷம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அவருக்குத் தெரிஞ்ச விஷயத்தைக் கேட்டுப் பாக்கறேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் ஏனோ பேனாவை மூடினார். அவள் பத்து அட்டைகளையும் கலைத்து மேஜையில் பரப்பினாள்.

"இது என்னம்மா, முக்காலியா?" என்றாள் பயிற்சிப் பெண்.

"ஆடு."

நோட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். "இந்த வருஷத்துல எங்களுக்குப் பிடிச்ச பத்துப் படம் இதுல வரிசையா இருக்கு. மத்த எட்டும் இதே வரிசையில வரும். ஆனா குடையை மட்டும் அவர் முதல்ல வைப்பாரு, ஸ்டியரிங் நாலாவதா இறங்கும். அது அவரு கட்சி. நீங்களே சரிபாருங்க." பிறகு கட்டிலுக்குக் குனிந்தாள். "என்னங்க, இந்த வருஷத்துப் பத்து. உங்க இஷ்டப்படி வைங்க. குடைதான் ஒன்னுன்னா ஒன்னுதான். நான் வாயைத் திறக்கமாட்டேன்."

அவர் கண்கள் ஜன்னலை விட்டு இறங்கின. ஆட்டின் மேல் நின்றன, செருப்பின் மேல் நின்றன. ரொம்ப நேரம் அவ்வளவுதான். அப்புறம் இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. வந்து, ஸ்டியரிங் அட்டையை இழுத்து மேஜையின் முதல் ஓரத்தில் வைத்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. தப்பு. குடையைத்தானே வைக்க வேண்டும்? அப்படியானால் அவருக்கு ஒன்றுமே புரியவில்லை, கை சும்மா எதையோ இழுக்கிறது. "நல்லாப் பாருங்க," என்று சொல்ல வாயெடுத்தவள், சொன்ன வாக்கு நினைவுக்கு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாவதாக ஏணி வந்தது. சரி. மூன்றாவது மீன் தொட்டி. அதுவும் சரி. தலையணை, ஆடு, செருப்பு. பயிற்சிப் பெண் நோட்டையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் நெற்றியில் வியர்த்தது. மூக்குக்கண்ணாடி. சலவை மெஷின். மிச்சம் இரண்டு அட்டை, குடையும் தபால் பெட்டியும். அவர் குடையை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதைச் சலவை மெஷினுக்கு அடுத்து, ஒன்பதாவதாக வைத்தார். தபால் பெட்டியை அதற்குக் கீழே தள்ளிவிட்டார்.

"பத்துக்குப் பத்து!" என்று பயிற்சிப் பெண் கத்தியேவிட்டாள். "சார், நோட்டுல இருக்கிற மாதிரியே வச்சிருக்காரு, ஒன்னு கூட மாறல!"

பெரிய டாக்டர் அட்டைகளைக் குனிந்து பார்த்தார். சிரித்தார். "நம்ம சீப்பு அவருக்குப் பிடிக்கல போலிருக்கு. இன்னைக்கே மேல மாத்திடுங்க," என்று ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கை தட்டினார்கள்.

அவள் மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடை ஒன்பதாவது என்று அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பன்னிரண்டே முக்காலுக்கு, ஃப்ரிட்ஜிடம். அந்தப் பக்கத்தை அவர் பார்த்ததில்லை, பார்த்தாலும் இப்போது எழுத்து தெரியாது. வேறு யாரும் அவரிடம் சொல்லவுமில்லை. அப்படியென்றால் கேட்டிருக்கிறார். அது தூக்கம் இல்லை. பூட்டு என்றதைக் கேட்டிருக்கிறார். ஓட்டு இல்லை என்றதைக் கேட்டிருக்கிறார். சுடு டீ மடியில் கொட்டி ஆற, நாக்கு புரளாமல், அவள் நாலு அடி நடந்து முன்னால் வரமாட்டாளா என்று மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஐயோ, துணி மடித்துக்கொண்டு அவரைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தாள்.

அவர் இப்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, நீயே ஜெயித்துக்கொள் என்கிறாரா, அவளால் படிக்க முடியவில்லை. இத்தனை வருடம் அவர் மூஞ்சியைப் படித்தவள்தான். ஆனால் படித்ததில் எவ்வளவு சரி என்று இனி எந்தத் தைரியத்தில் சொல்வாள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "என்னம்மா இது? குடைதான் ஒன்னு, உங்கம்மா தலைகீழா நின்னாலும் விடமாட்டேன்னு சனிக்கிழமை போன்ல என்கிட்ட சொன்னாரே! பேனாவில எழுதியிருக்கு, ஞாயித்துக்கிழமைன்னு தேதி வேற போட்டிருக்கு. அப்பா எப்பம்மா ஒன்பதுக்கு ஒத்துக்கிட்டாரு?"

ஒரு பொய் நாக்கு நுனியிலேயே தயாராக இருந்தது. கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், காலையில், என்று சொன்னால் போதும். கட்டில் கிடைத்துவிட்டது, டாக்டர் போய்விட்டார், இனி யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்கும், எல்லாம் புரியும் என்று ஊரைக் கூட்டி நிரூபித்தவள் அவள்தான்.

"ஒத்துக்கலை பாப்பா," என்றாள். "அவரால பேச முடியல. நான் அன்னைக்குக் கடைக்குப் போகல. வீட்டுலதான் இருந்தேன். அவரு முதுகுக்குப் பின்னாடி, நாலு அடி தூரத்துல, பேசிக்கிட்டே இருந்தேன்."